கரித்தகட்டில் ஒரு கோடு

அத்தியாயம் 6

சாம்பவன் மொன்றியலில் பதினான்கு வருடம் டாக்சி ஓட்டியவன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாய் தானாகவே திறந்துகொள்ளும். டாக்சியை விற்றுவிட்டு சிவாஜினியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்த பிறகும் அந்த வியாதி மாறவில்லை. கோட்-டெ-நெய்ஜில் காரை எடுத்தவன் கர்க்லாண்ட் வரைக்கும் ஓயவில்லை.

“அக்கா, எங்கட கார் நடுவழியில என்ஜின் நிண்டு போறது எங்கட தலைவிதி. ஆனா என்ஜினே இல்லாத பிளேனில ஒருத்தன் தெரிஞ்சுகொண்டு ஏறுறான் எண்டால் அது என்ன விதி?”

“அதுக்குப் பேர் கிளைடர்,” என்றாள் சிவாஜினி, மடியில் கிடந்த கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னொரு பிளேன் கயித்தில கட்டி இழுத்துக்கொண்டு போய் மேல விடும். பேந்து காத்து தூக்கிற அளவுக்குப் போகலாம்.”

“காத்து தூக்காட்டி?”

“கீழ வரலாம்.”

“டாக்சியே திறம்.”

சிவாஜினி சிரிக்கவில்லை. காப்புறுதிக் கொம்பனியில் இருபது வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பழகியவள். யாராவது தன்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தால் எதையோ ஒளிக்கிறார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும். சாம்பவன் விடயத்தில் மட்டும் அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டிருந்தாள். அவனிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை.

வழக்கு மூன்று நாளைக்கு முன் வந்தது. லாசாலில் ஒரு கார்தெரியில் குழந்தைகளைப் பார்க்கும் ஜெயனி என்ற பெண் கொண்டுவந்தாள். அவளுடைய தகப்பன் பத்திநாதர், மன்னார் ஆள், எண்பத்தொன்பது வயது. லாசாலிலேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் படுக்கையில் இருந்தார். டொக்டர் ஒரு கிழமை சொல்லியிருந்தார். அந்தக் கிழமையில் நாலு நாள் போய்விட்டது.

1958-இல் கொழும்புத் திட்டப் புலமைப்பரிசில் கிடைத்து, பொறியியல் படிக்க மொன்றியலுக்கு வந்தவர் பத்திநாதர். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஒரு கிளைடர் சங்கத்தில் எடுபிடி வேலை செய்தார். அந்த வருடம் மார்ச் மாதம் ரெமி லாவுவா என்ற விமானி எண்ணாயிரத்து எழுநூறு மீட்டர் ஏறியதாகச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதினார்கள். அறுபத்தேழு வருடமாக அந்த உயரத்தை அந்தச் சங்கத்தில் யாரும் தாண்டவில்லை. அன்றைக்கு உண்மையில் பறந்தது ரெமி இல்லை, தான்தான் என்று பத்திநாதர் மகளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார். லைசென்ஸ் இல்லாதபடியால் தன் பேர் வரவில்லை என்றார்.

“ஸ்கூலில என்னை ‘கிளீனரின்ர பிள்ளை’ எண்டு பகிடி பண்ணுவினம்,” என்று ஜெயனி அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தாள். “அப்பா எஞ்சினியர். ஆனா எண்பத்தாறில அகதியா வந்தாப் பிறகு இஞ்ச பக்டரியில நிலம்தான் துடைச்சவர். நான் அழுதுகொண்டு வர, அந்தக் கதையைத்தான் சொல்லுவார். எனக்கு அது காணும். இன்னும் நாலு நாளில சங்கத்தின்ர கூட்டம். எழுத்தில ஆதாரம் குடுத்தால் பேரை மாத்துறம் எண்டு கடிதம் போட்டிருக்கினம். அப்பா கண்ணை மூட முன்னம் அவற்ற பேர் அதில வரவேணும்.”

“சாட்சி ஆரும் உண்டோ?” என்று சிவாஜினி கேட்டிருந்தாள்.

“லூக் எண்டு ஒருத்தர். ரெமியின்ர தம்பி. ரெண்டு கிழமையா அப்பா அந்தப் பேரைத்தான் சொல்லுறார். லூக்கைப் பிடியுங்கோ, லூக்கைப் பிடியுங்கோ எண்டு.”

லூக்கின் விலாசம் எங்கேயும் அகப்படவில்லை. ரெமி செத்து இருபது வருடம். ரெமியின் மகள் மட்டும் கர்க்லாண்டில் இருந்தாள்.

கார் நின்றது. ஓரத்தில் குவிந்திருந்த பனி கரைந்து கறுத்துப்போயிருந்தது. இறங்குமுன் சிவாஜினி கோப்பிலிருந்து ஒரு துண்டை நீட்டினாள். பராமரிப்பு இல்லத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நோயாளிகள் நிரப்பிக் கொடுக்கும் துண்டு. ‘சூப், உப்பு வேண்டாம்’ என்று பத்திநாதரின் நடுங்கிய எழுத்து. அதற்கு மேலே உச்சியில் ஒரு சின்னச் சிலுவை.

“மனுசன் சூப்புக்கும் செபம் சொல்லுது,” என்றான் சாம்பவன்.

“எல்லாத்திலயும் இருக்கு. கடிதம், பாங்க் படிவம், எல்லாம். எங்கட வேதக்காரச் சனத்தின்ர பழைய பழக்கம். எழுதத் தொடங்க முன்னம் சிலுவை போடுவினம்.”

கதவைத் திறந்த மிஷெல் லாவுவாவுக்கு எழுபத்திரண்டு வயது. பொன்ஜூர் சொல்லிக் கோப்பி ஊற்றினாள். சாம்பவனின் டாக்சிப் பிரெஞ்சைக் கேட்டதும் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறினாள்.

“பத்தி. ஓ, நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் சமையலறையில் கற்பூரம் கொளுத்துவார். அம்மாவுக்கு அந்த மணம் பிடிக்காது.”

“கற்பூரமோ?” என்று சாம்பவன் தமிழில் கேட்டான். “வேதக்காரர் கிளைடருக்கு ஆரத்தி காட்டினவரோ?”

மிஷெல் எழுந்து போய் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியும் சுவரில் மாட்டியிருந்த சட்டகம் ஒன்றும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். விளக்கமும் சொன்னாள். அந்தக் காலத்தில் கிளைடரில் ஒரு சின்னப் பெட்டி போகும். உள்ளே சாவி கொடுத்த கடிகார உருளை. அதில் மெல்லிய அலுமினியத் தகட்டைச் சுற்றுவார்கள். கற்பூரப் புகை பிடித்துத் தகட்டை முதலில் கறுப்பாக்க வேண்டும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அதற்கேற்ப ஒரு ஊசி உயர்ந்து கரியைக் கீறும். பெட்டியைச் சாட்சி ஒருவர் அரக்கு வைத்து மூடுவார். இறங்கிய பிறகு அவரே திறந்து கையெழுத்து வைப்பார். அவ்வளவுதான் உயரத்துக்கு ஆதாரம்.

சட்டகத்தில் இருந்தது அந்தத் தகடு. கறுப்பில் ஒரு வெள்ளிக் கோடு இடமிருந்து வலமாக ஏறி, உச்சிக்குப் போய், இறங்கியது.

“இது சித்தப்பாவின் கையெழுத்து,” என்று மூலையைத் தொட்டுக் காட்டினாள் மிஷெல். “லூக். அவர்தான் அன்றைக்குச் சாட்சி.”

“அவரைத்தான் நாங்கள் தேடுகிறோம்,” என்றாள் சிவாஜினி. “எங்கே இருக்கிறார்?”

மிஷெல் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அறுபத்தொன்றில் செத்துவிட்டார். இருபத்தாறு வயது. அப்பாவின் உயரத்தைத் தாண்டப் போனார். ஒட்சிசன் தீர்ந்துவிட்டது. மேப்பிள் காட்டுக்குள் விழுந்த கிளைடரைப் பனி கரைந்த பிறகுதான் கண்டார்கள். அதற்குப் பிறகு அப்பா ஒரு நாளும் பறக்கவில்லை. ஏன் என்று எங்களுக்குச் சொல்லவும் இல்லை. உங்களுக்குத் தெரியவந்தால் எனக்கும் சொல்லுங்கள்.”

சாம்பவனுக்குச் சப்பென்று போயிற்று. சாட்சி இல்லை, சாட்சியின் கல்லறைதான் இருந்தது. ஜெயனியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சரி, கடமைக்கு நாலு வரி எழுதிக்கொண்டு போவோம் என்று குறிப்புப் புத்தகத்தை விரித்தான்.

சிவாஜினி மட்டும் தகரப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அதே வருடத்துத் தகடுகள் பதினொன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் ‘தயாரித்தது: பத்தி’ என்று சங்கக்காரர் எழுதிய சீட்டு. கடைசியில் 1961 சீட்டோடு ஒன்று தனியே இருந்தது.

“அது சித்தப்பாவின் கடைசிப் பயணம்,” என்றாள் மிஷெல்.

லூக்கின் கோடு நடுங்கி நடுங்கி ஏழாயிரத்து முன்னூறு மீட்டர் வரைக்கும் ஏறியிருந்தது. அங்கே வந்து கிடையாக ஓடியது. நெடுநேரம் ஓடியது. பிறகு நேரே கீழே விழுந்தது.

“நாற்பது நிமிடம்,” என்றாள் மிஷெல். “அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். காற்று அதற்கு மேல் தூக்கவில்லை. திரும்பியிருக்கலாம். ஏன் நின்றார் என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.”

சிவாஜினி இரண்டு தகடுகளையும் பக்கத்தில் வைத்தாள். பெட்டியில் இருந்த மற்றத் தகடுகளையும் வரிசையாக விரித்தாள்.

“சாம்பவன், பார். எல்லாத்திலயும் தொடக்கத்தில கோடு நடுங்குது.”

“இழுத்துக்கொண்டு போற பிளேன் ஆட்டும்தானே அக்கா.”

“ரெமியின்ர கோட்டில?”

அவன் குனிந்து பார்த்தான். நடுக்கம் கொஞ்சமும் இல்லை. உற்றுப் பார்த்தால் கோடு ஒரே அளவான சின்னச் சின்னப் படிகளாக ஏறியிருந்தது.

“காத்து இவருக்கு மட்டும் படிக்கட்டு கட்டிக் குடுத்ததோ?” என்றான்.

அந்த நேரம் பார்த்து மிஷெல் அவனுடைய புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். “மன்னிக்க வேண்டும், அது என்ன?” பக்கத்தின் உச்சியில் அவன் போட்டிருந்த பிள்ளையார் சுழியைத்தான் கேட்டாள்.

“எழுதத் தொடங்குவதற்கு முன் போடுவது, மதாம். எங்கள் கடவுளுக்கு ஒரு வணக்கம்.”

சிவாஜினியின் கை அப்படியே நின்றது. தமிழுக்கு மாறினாள்.

“சாம்பவன். உன்ர மனுசி எழுதித் தாற சாமான் லிஸ்டில நீ சுழி போடுவியோ?”

“நான் ஏன் போட? அவ எழுதினதுக்கு அவ போடுவா. நான் எழுதினால்தான் நான் போடுவன்.”

சிவாஜினி பூதக்கண்ணாடியை எடுத்து ரெமியின் தகட்டின் உச்சியில் வைத்து அவனிடம் தள்ளினாள். கரிக்குள், ஊசி முனையால் கீறிய ஒரு சிலுவை. அரிசி மணி அளவுதான் இருக்கும்.

“தகடு தயாரிச்சவர் போட்டிருப்பார்,” என்றான் அவன்.

“மற்றப் பதினொண்டையும் அவர்தான் தயாரிச்சவர். ஒண்டிலயும் இல்லை. அதுகளில எழுதினது மெசின். அதால அவர் போடேல்லை.” அவள் குரல் தாழ்ந்தது. “இதில மட்டும் போட்டிருக்கிறார். ஏனெண்டால் இதை அவர்தான் எழுதப் போறார்.”

சாம்பவனுக்கு விளங்க இரண்டு வினாடி எடுத்தது. விளங்கியதும் விளங்காமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. எண்ணாயிரத்து எழுநூறு மீட்டருக்கு அன்றைக்கு யாரும் போகவில்லை. ரெமியும் போகவில்லை, பத்திநாதரும் போகவில்லை. இல்லாத ஒரு உயரத்தைத் தேடித்தான் லூக் நாற்பது நிமிடம் ஆகாயத்தில் நின்றிருக்கிறான்.

எதிரே மிஷெல் இருவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏதாவது கிடைத்ததா?”

“இன்னும் ஒருவரிடம் கேட்க வேண்டும்,” என்றாள் சிவாஜினி. “பிறகு சொல்கிறேன். மெர்சி, மதாம்.”

லாசால் போகும் வழியில் சாம்பவன் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தான். “ஜெயனிக்கு என்னெண்டு சொல்லப் போறியள்?”

“வாயாலதான்.”

பராமரிப்பு இல்லத்தின் நடைபாதையில் ஜெயனி கையில் சங்கத்தின் படிவத்தோடு நின்றாள். தகப்பனுடைய பேரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். சிவாஜினி சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சிலுவையைப் பற்றிச் சொன்னபோது ஜெயனி தலையை ஆட்டி மறுத்தாள். படிக்கட்டைப் பற்றிச் சொன்னபோதும் மறுத்தாள். லூக்கைப் பற்றிச் சொன்னபோது சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

“அப்பா பொய் சொல்லுற ஆள் இல்லை,” என்றாள் கடைசியில். அவள் குரலில் கோபம் இல்லை. கெஞ்சுவதாகத்தான் இருந்தது. “சரி, சொன்னவர் எண்டே வைப்பம். இன்னும் ரெண்டு மூண்டு நாள்தானே. உள்ள போய் ஒண்டும் கேக்காதையுங்கோ. லூக் செத்தது அவருக்குத் தெரியாது.”

“கேக்கமாட்டன்,” என்றாள் சிவாஜினி.

உள்ளே பத்திநாதர் விழித்திருந்தார். உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை, கண் மட்டும் தெளிவாக இருந்தது. ஜெயனியின் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார்.

“அதைக் கிழி பிள்ளை,” என்றார்.

“அப்பா—”

“கிழி. நான் பறக்கேல்லை. ஆரும் அவ்வளவு உயரம் பறக்கேல்லை.” மூச்சு வாங்கினார். “உன்னை அழ விடாமல் இருக்கச் சொன்னது. பேந்து நிப்பாட்டத் தெரியேல்லை.”

ஜெயனி கிழிக்கவில்லை. கிழவர் சிவாஜினியைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார், விட்டு விட்டு.

“யூனிவர்சிற்றி லாபில கண்ணாடிச் சாடி ஒண்டு இருந்தது. பம்ப் அடிச்சால் உள்ளுக்கு இருக்கிற காத்து வெளியால போகும். முதல் நாள் பின்னேரம் பெட்டியை அதுக்குள்ள வச்சு அடிச்சன். ஒரு அடிக்கு ஒரு படி. அடுத்த நாள் ரெமி, புதுக் கோடு விழாமல் இருக்க, கடிகாரத்துக்குச் சாவி குடுக்காமல் கொண்டு போனவன். லூக் திறந்து பாக்காமலே அரக்கு வச்சவன். அண்ணன் நீட்டின பெட்டி எண்டு நம்பினவன். எங்களுக்கு அது பகிடி. அடுத்த ஞாயிறு சொல்லிச் சிரிப்பம் எண்டு இருந்தம். வெள்ளிக்கிழமை பேப்பரில வந்திட்டுது.”

“பேந்து நீங்கள் ஊருக்குப் போட்டியள்,” என்றாள் சிவாஜினி.

“ஓம், அறுபதிலயே. திரும்பி வந்து நாப்பது வருசம் இந்த ஊரிலதான் இருக்கிறன். ரெலிபோன் புத்தகத்தில ரெமியின்ர நம்பரைப் பாத்திருக்கிறன். எடுக்கேல்லை. வெக்கம்.” கழுத்தைத் திருப்பினார். “ரெமி போகட்டும், அவனும் கள்ளன். லூக்குக்குத்தான் நான் சொல்லவேணும். அதுக்குத்தான் பிடியுங்கோ எண்டனான். கண்டியளோ?”

சிவாஜினி பொய் சொல்லமாட்டாள், அது அவளுடைய தொழிலுக்கே ஆகாது. ஜெயனியின் கண் சாம்பவனைப் பார்த்துக் கும்பிட்டது. வாயால் பிழைத்தவன் அவன் ஒருவன்தானே.

“கண்டனாங்கள் ஐயா,” என்றான் சாம்பவன். “எல்லாம் சொன்னனாங்கள். சிரிச்சவர்.”

பத்திநாதர் அவனை வெகுநேரம் பார்த்தார்.

“லூக் சிரிக்கமாட்டான் தம்பி. என்ர கன்னத்தில அறைஞ்சிருப்பான்.” கண்ணை மூடினார். “எப்ப செத்தவன்?”

சிவாஜினிதான் சொன்னாள். “அறுபத்தொண்டில.”

“பறந்து கொண்டிருக்கேக்கையோ?”

“ஓம்.”

“எவ்வளவு உயரத்தில?”

“ஏழாயிரத்து முன்னூறு. அங்கை நாப்பது நிமிசம் நிண்டவர்.”

அவர் எஞ்சினியர். அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தேவைப்படவில்லை. மூடிய கண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது. ஜெயனி துடைத்தாள், திரும்பவும் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “கடுதாசி தா,” என்றார்.

ஜெயனி படிவத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தை ஒரு தட்டின் மேல் வைத்து, பேனையை அவர் விரலில் கொடுத்துப் பிடித்துவிட்டாள். உச்சியில் ஒரு கோடு கீழே இறங்கியது. வெகுநேரம் எடுத்து இன்னொரு கோடு குறுக்கே போனது. சிலுவை. அதற்குப் பிறகு பேனை நின்றுவிட்டது.

“நீங்கள் சொல்லுங்கோ அப்பா, நான் எழுதுறன்.”

“இல்லை. சிலுவை போட்டது நான். நான்தான் எழுதவேணும்.”

பேனை கடுதாசியில் பட்டது. ஒரு கோடு நடுங்கி நடுங்கிக் கொஞ்ச தூரம் கிடையாக ஓடியது. பிறகு கை சரிந்தது. கோடு கடுதாசியின் அடி வரைக்கும் இறங்கி ஓரத்தால் வெளியே போனது. தாதி வந்து, நித்திரை கொள்ளட்டும் என்று தட்டை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். அவர் பிறகு பேசவில்லை.

சாம்பவன் அந்தக் கடுதாசியைப் பார்த்தான். பார்த்தது போதும் என்று காரின் சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினான். அது அவனுடைய கையிலேயே இருந்தது.

அடுத்த நாள் கூட்டம் நடந்தது. ஜெயனி போகவில்லை. சிவாஜினி போய்த் தான் கண்டதைச் சொன்னாள். தலைவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, செய்தவருடைய கையெழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார். அவளிடம் இருந்த கடுதாசியில் ஒரு சிலுவையும் ஒரு கோடும்தான். அதை அவள் பையிலிருந்து எடுக்கவில்லை. பதிவேட்டில் இன்றைக்கும் எண்ணாயிரத்து எழுநூறு மீட்டர் என்றுதான் இருக்கிறது. சாட்சி என்ற இடத்தில் லூக் லாவுவாவின் பேர் இருக்கிறது.